கணுக்கால் வலி: காத்திருப்பதா, எக்ஸ்ரேயா, கட்டா, கத்தியா?

கால் மடங்கி விழுந்த அன்று மாலையே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். வெறும் சுளுக்குதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பது ஒரு கட்சி. இப்போதே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் காட்டும் ஆதாரம் ஒன்றுதான், வீக்கம். ஆனால் கணுக்காலைப் பொறுத்தவரை வீக்கத்தைப்போல் நம்பத் தகாத சாட்சி வேறில்லை. எலும்பில் மெல்லிய விரிசல் விட்ட கால் லேசாகப் புடைத்து நிற்பதோடு சரி. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் மட்டும் பாதி கிழிந்த கால் ஒரு மணி நேரத்துக்குள் உருண்டு திரண்டு, மறுநாள் விரல்கள் வரை நீலம் பாய்ந்து, பார்ப்பவரைப் பதறவைக்கும். அதனால் நான் வீக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு மூன்றைப் பார்க்கச் சொல்வேன். காலை ஊன்ற முடிகிறதா? விரலால் அழுத்தினால் சரியாக எந்த இடம் வலிக்கிறது? நாள் செல்லச் செல்ல வலி எந்தப் பக்கம் போகிறது?

முதலில் கால் ஏன் மடங்குகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கணுக்கால் மூட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் சற்றுக் குறுகலாகவும் இருக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது அகலமான பகுதி இரு பக்க எலும்புகளுக்கும் இடையில் இறுக்கமாகப் பொருந்திக்கொள்கிறது. பாதம் கீழ்நோக்கி நீளும்போது குறுகிய பகுதி அங்கே வர, மூட்டில் இளக்கம் ஏற்படுகிறது. படி இறங்கும்போதும், குதித்துத் தரையில் இறங்கும்போதும், உயர்ந்த குதிகால் செருப்பு அணியும்போதும் பாதம் இந்த நிலையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பாதம் உட்பக்கமாகப் புரண்டால், வெளிப்பக்கத்தில் முன்புறமாக ஓடும் மெல்லிய தசைநார்தான் முதலில் அடி வாங்கும். கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை வெளிப்பக்கச் சுளுக்காக இருப்பதற்கு இதுவே காரணம். உட்பக்கத் தசைநார் தடித்தது, அவ்வளவு எளிதில் கிழியாது. உட்பக்கம் பலமாக வலித்தால் அடி பெரியது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றே எக்ஸ்ரேயா, வீட்டிலேயே கவனிப்பதா?

இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த விதிகள் இன்று உலகம் முழுவதும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேடுகளின் நுனியிலிருந்து, பின் விளிம்பை ஒட்டி மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அழுத்த வேண்டியது எலும்பையே. அதற்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற சதைப் பகுதி சுளுக்கில் எப்படியும் வலிக்கும். இந்த விளிம்பில் எங்காவது சுருக்கென்று வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவரிடம் வந்த பிறகும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு எலும்பு முடிச்சு கைக்குத் தட்டுப்படும். பாதத்தின் உள்வளைவுக்கு மேலே இன்னொன்று உண்டு. அடிபட்டபின் பாதத்தின் நடுப்பகுதி வலிக்கிறது என்றால் இந்த இரண்டையும் அழுத்திப் பார்க்க வேண்டும். காலை ஊன்ற முடிகிறது, இந்த இடங்கள் எதிலும் வலி இல்லை என்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அப்போது எக்ஸ்ரேயால் பலன் ஏதும் இருக்காது.

விதிக்கு விலக்குகள் உண்டு, அவற்றை மறப்பதுதான் ஆபத்து. நீண்டகால நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போதையில் இருப்பவருக்கும், உடலில் வேறு பெரிய காயம் பட்டவருக்கும் இதே நிலைதான். சிறு பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. அவர்களுக்குத் தசைநாரைவிட அந்த இடம் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி பிள்ளைகளுக்கு அந்தத் தட்டில் காயமாகலாம். பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போவதே சரி.

பார்த்தவுடனே கால் கோணியிருப்பது தெரிந்தாலும், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும், பாதம் வெளுத்துக் குளிர்ந்தாலும், விரல்கள் மரத்தாலும் எந்த விதியும் தேவையில்லை. அவசர சிகிச்சைதான் வழி. போகும் வழியில் காலை நேராக்க முயலக் கூடாது.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. அடிபட்ட முதல் வாரத்திலேயே அதை எடுத்துவிட வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். சாதாரணச் சுளுக்கில் அந்தப் படம் எதைக் காட்டினாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தும் மூட்டுக்குள் ஆழமாக வலிக்கிறது, நடக்கும்போது ஏதோ சிக்கிக்கொள்கிறது என்றால்தான் எம்.ஆர்.ஐ.க்கு நேரம் வந்திருக்கிறது. மூட்டின் குருத்தெலும்பில் பெயர்ந்த சில்லு எக்ஸ்ரேயில் தப்பி அதில் சிக்குவது உண்டு.

வீட்டில் கவனிப்பது என்று முடிவானால்

1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்துதல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக்கினார். பிற்காலத்தில் பனிக்கட்டி ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். என் கணிப்பில் பனிக்கட்டியை வலி குறைக்கும் ஒரு வழியாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது நிமிடம் வைத்தால் வலி மட்டுப்படும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. கிரேப் பேண்டேஜ் கட்டுவதும், படுக்கும்போது இதயத்தைவிட உயரமாகக் காலை வைப்பதும் வீக்கத்துக்கு உதவும். கட்டியபின் விரல்கள் நீலமானாலோ விண்ணென்று தெறித்தாலோ கட்டு இறுக்கம், உடனே அவிழ்க்க வேண்டும்.

நான்கில் மிகையாகப் போற்றப்பட்டது ஓய்வுதான். முதல் ஓரிரு நாள் காலுக்கு இளைப்பாறல் தேவை. அதற்குப் பிறகும் கட்டிலிலேயே கிடப்பதால் மூட்டு இறுகும், கெண்டைக்கால் சதை மெலியும். வலி பொறுக்கும் அளவில் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, ஊன்றுகோலின் துணையோடு காலில் சிறிது சிறிதாக எடை வைப்பது என்று மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கிவிடலாம். புதிய காயத்தை அழுத்தித் தேய்த்து உருவிவிடுவது மட்டும் வேண்டாம். உள்ளே ரத்தக்கசிவு கூடும், முறிவு இருந்தால் எலும்பு விலகவும் செய்யலாம்.

வலிக்கு மாத்திரையா, களிம்பா என்றால் முதலில் களிம்பு. டைக்ளோஃபினாக் போன்ற மருந்து கலந்த ஜெல் சுளுக்கில் நன்றாகவே வேலை செய்கிறது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பெரிதாகத் தொடுவதில்லை. மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமாலில் தொடங்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் மற்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறும். பாதி கிழிந்தது ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். முழுவதும் கிழிந்தது சில மாதங்கள் வரை இழுக்கும். இதில் முக்கியமானது திசை. ஐந்தாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்தும் அதே நொண்டல், அதே வலி என்றால் வீட்டு வைத்தியத்தின் கெடு முடிந்தது. வலி கணுக்காலுக்குச் சற்று மேலே, முழங்கால் பக்கமாக ஏறி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது கூடுகிறதென்றால் அது இன்னும் பிடிவாதமான ரகம். கால் எலும்புகள் இரண்டையும் பிணைக்கும் நார் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைச் சாதாரணச் சுளுக்கு என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தால் மூட்டு அகன்றுபோய் அறுவை வரை போகும்.

மாவுக்கட்டா, பிரேஸா?

கடுமையான சுளுக்குக்கு மாவுக்கட்டு பழைய காலத்து வழக்கம், இப்போது யாரும் போடுவதில்லை என்ற பேச்சு உண்டு. பொதுவாக அது சரிதான். நீண்ட நாள் மாவுக்கட்டில் கிடந்தவர்களைவிட, பக்கவாட்டில் தாங்கும் பிரேஸ் போட்டுக்கொண்டு சீக்கிரம் நடக்கத் தொடங்கியவர்களே பல ஆய்வுகளில் முந்தியிருக்கிறார்கள். ஆனால் 2009-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இந்தப் பேச்சில் ஒரு முடிச்சுப் போட்டது. காலை ஊன்றவே முடியாத அளவுக்குக் கடும் சுளுக்கு கண்ட 584 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் குழாய்க் கட்டு (உறைபோல் காலில் இழுத்து மாட்டும் துணிக்கட்டு), ஒரு பிரிவுக்கு முழங்காலுக்குக் கீழே பத்து நாள் மட்டும் மாவுக்கட்டு, மற்ற இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு விதமான பிரேஸ்கள். மூன்றாம் மாதத்தில் மாவுக்கட்டுப் பிரிவினர் குழாய்க் கட்டுக்காரர்களைவிடத் தெளிவாக முன்னால் இருந்தார்கள். பிரேஸ்களில் ஒரு வகையும் நல்ல பலன் தந்தது. ஒன்பதாம் மாதத்தில் நான்கு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். அடி கடுமை, வலி தாங்கவில்லை, சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் மருத்துவர் சொல்லும் பத்து நாள் மாவுக்கட்டைப் பழைய வைத்தியம் என்று தள்ள வேண்டாம். ஆறு வாரம் போடலாம் என்றால் காரணம் கேளுங்கள். குழாய்க் கட்டு மட்டும் தந்து அனுப்பினால், பிரேஸ் வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, மாவுக்கட்டில் இருக்கும்போது கெண்டைக்காலில் புதிதாக வலியும் இறுக்கமும் வந்தால் ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வலி போனபின் எடுக்கும் முடிவு

பெரும்பாலானோர் தவறவிடும் முடிவு இதுதான். அதுவும் தவறவிட்டதே தெரியாமல் தவறவிடுவது. வலி நின்றது, வீக்கம் வடிந்தது, கதை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் கிழிந்த நாரோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் சேதமாகியிருக்கும். சமதளத்தில் நடக்கும்போது அந்தக் குறை தெரியாது. மேடு பள்ளத்தில் கால் புரளத் தொடங்கும் கணத்தில்தான் தெரியும். புரள்வதைத் தடுக்க வேண்டிய தசை தாமதமாக விழித்துக்கொள்ளும். ஒரு தடவை சுளுக்கியவருக்கு மறுபடியும் மறுபடியும் அதே கால் சுளுக்குவது இப்படித்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி நின்று, நல்ல காலால் மட்டும் முப்பது விநாடி நில்லுங்கள். பிறகு சுளுக்கிய காலால். பிறகு இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். சுளுக்கிய கால் அப்படியும் இப்படியும் தவித்துத் தரையைத் தேடினால் அது இன்னும் குணமாகவில்லை. அதுவே பயிற்சியும்கூட. தினமும் சில நிமிடம், பிறகு தலையணை மேல் நின்று, பிறகு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்கி என்று ஏற்றிக்கொண்டே போகலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முதல் சில தடவை பார்த்துத் திருத்தினால் நல்லது, மீதியை வீட்டிலேயே தொடரலாம். விளையாட்டுக்குத் திரும்புகிறவர்கள் ஒற்றைக்காலில் வலியின்றித் துள்ள முடியும்வரை பொறுக்க வேண்டும். பிறகும் சில மாதங்கள் கயிறு கட்டும் பிரேஸ் அணிந்து விளையாடினால் மறுசுளுக்கு குறைகிறது.

இத்தனைக்குப் பிறகும், மூன்று மாதம் முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் நழுவிக்கொண்டே இருக்கிறது என்றால் அறுவையைப் பற்றிப் பேசலாம். ஸ்வீடன் மருத்துவர் லென்னார்ட் புரோஸ்ட்ரோம் 1966-இல் விவரித்த முறையே, சில மாற்றங்களோடு, இன்றும் முதன்மையானது. தளர்ந்த நாரையே சுருக்கி எலும்போடு தைத்து இறுக்குவார்கள். பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பயிற்சிக்குச் சோம்பி அறுவைக்குப் போனவர் அதன்பின்னும் அதே பயிற்சியைத்தான் செய்ய வேண்டியிருக்கும்!

பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல்

குதிகாலுக்கு மேலே கயிறுபோல் தெரியும் தடித்த நார்தான் அகில்லஸ் தசைநாண். அது அறுந்தவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோலவும் ‘டப்’ என்று சத்தம் கேட்டதுபோலவும் இருக்கும், பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். வலி சீக்கிரமே அடங்கிவிடுவதாலும், வேறு தசைகளின் உதவியால் தட்டுத் தடுமாறி நடக்க முடிவதாலும் இதைச் சுளுக்கு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. குப்புறப் படுத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க, இன்னொருவர் கெண்டைக்காலைப் பிசைந்து பார்க்கட்டும். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாட்கள் தள்ளினால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கும், தையலும் கடினமாகும், தைக்காமல் ஆற்றுவதும் கடினமாகும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையே விடுத்தது.

அறுந்தால் தைத்தே ஆக வேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். 2022-இல் நார்வேயில் நடந்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில் 526 பேரின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். தைக்காதவர்கள், திறந்து தைத்தவர்கள், சிறு துளை வழியாகத் தைத்தவர்கள் என்ற மூன்று பிரிவினரும் ஓராண்டு முடிவில் காலின் செயல்பாட்டில் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். தைக்காதவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு மறுபடி அறுந்தது, தைத்தவர்களில் 0.6 சதவீதம். மறுபக்கம், நரம்புக் காயம் தைத்தவர்களிடம்தான் அதிகம். ஆக, ஓட்டம், குதிப்பு என்று காலை நம்பி வாழ்கிறவர் தையலை நாடுவதில் நியாயம் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர், புகைபிடிப்பவர், காயம் ஆறத் தாமதமாகும் வயதானவர் ஆகியோருக்குப் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்த பூட்ஸும் முறையான பயிற்சியும் போதுமானதாக இருக்கலாம். தைக்காமல் விடுவதென்றால் சும்மா விடுவதென்று பொருளில்லை, இரண்டு வழியிலும் மாதக்கணக்கில் உழைப்பு உண்டு.

அறுபடாமல், காலையில் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைத்து வலிப்பது வேறு கதை. அங்கே பொறுமையான பயிற்சிதான் முதல் மருந்து. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட்சன் 1998-இல் எழுதிய முறைப்படி, படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், தினமும் 180 தடவை, 12 வாரம். சலிப்பூட்டும் வேலை, ஆனால் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அந்த நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள், நாண் அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

அடியே படாமல் வீங்கினால்

இங்கே ஒப்பிட அதிகம் இல்லை, காத்திருப்பதா கூடாதா என்பது மட்டும்தான். ஒரு கணுக்கால் திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட் நோயும் இதேபோல்தான் இரவோடு இரவாகத் தாக்கும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, மூட்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். இரண்டு கணுக்காலும் சேர்ந்து மாலையில் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தால் கோளாறு கணுக்காலில் இல்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல், அல்லது ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை என்று தேட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எழுதித் தந்தவரிடமே கேட்பது உத்தமம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது நீரிழிவுக்காரரின் வலியில்லாத வீக்கம். பாதம் சிவந்து, மற்றக் காலைவிடத் தொட்டால் சூடாக இருக்கும். வலி சிறிது, அல்லது இல்லவே இல்லை. நடக்க முடிகிறதே என்று நடப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வளைவே சரிந்துகொண்டிருக்கும். சார்கோ பாதம் என்று இதைச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேகூடச் சாதாரணமாகத் தெரியலாம். உணர்விழந்த பாதம் ஒன்று சூடாகி வீங்கினால், வேறு காரணம் தெரியும்வரை இதுதான் என்று எண்ணி எடை வைப்பதை அக்கணமே நிறுத்த வேண்டும். சொன்னேனே, மாவுக்கட்டு வேண்டாம் என்ற பேச்சு, அது இங்கே செல்லாது. இங்கே மாதக்கணக்கில் மாவுக்கட்டுதான் பாதத்தைக் காப்பாற்றும்.

தேய்ந்த மூட்டுக்கு இரண்டு அறுவைகள்

முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதால் தேய்கின்றன. கணுக்கால் பெரும்பாலும் பழைய முறிவாலும் திரும்பத் திரும்ப வந்த சுளுக்காலும் தேய்கிறது, அதனால் நடுவயதிலேயே வந்து நிற்கிறது. எடைக் குறைப்பு, அடிப்பகுதி வளைந்த காலணி, பிரேஸ், ஊசி என்று எல்லாம் பார்த்தபின் எஞ்சுபவை இரண்டு. ஒன்று எலும்புகளை ஒட்டவைத்து மூட்டை அசையாமல் செய்வது, மற்றது செயற்கை மூட்டு. அசையும் மூட்டுதான் மேல் என்று யாருக்கும் தோன்றும். 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 50 முதல் 85 வயது வரையுள்ளவர்களை ஒப்பிட்டபோது, ஓராண்டில் நடப்பதிலும் நிற்பதிலும் இரு தரப்பும் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள், பெரிய இடைவெளி இல்லை. செயற்கை மூட்டில் காயம் ஆறுவதும் நரம்பும் தொல்லை தந்தன. ஒட்டவைத்ததில் சிலருக்கு எலும்பு ஒட்டவில்லை, ரத்தக்கட்டியும் சற்று அதிகம்.

பளு தூக்கி உழைக்கும் இளையவருக்கு ஒட்டவைப்பது நெடுநாள் தாங்கும், ஆனால் அதன் பாரம் பக்கத்து மூட்டுகளுக்குப் போய், ஆண்டுகள் கழித்து அவை தேயும். வயதானவருக்கு, அதிலும் பக்கத்து மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவருக்கு, செயற்கை மூட்டு பொருந்தும். மருத்துவரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்த இரண்டு அறுவைகளையும் நீங்களே செய்கிறீர்களா? ஒன்றை மட்டுமே செய்பவர் பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான் பரிந்துரைப்பார். புகைபிடிப்பவர் என்றால் எலும்பு ஒட்டும் வாய்ப்பும் காயம் ஆறும் வாய்ப்பும் குறையும். எதைத் தேர்ந்தாலும் தேதி குறிப்பதற்குப் பல வாரங்கள் முன்பே சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாவிட்டால் சில மருத்துவர்கள் தேதியே தரமாட்டார்கள்.